பெயிண்ட் அடித்த பழைய ஷாக் அப்சார்பரைப் புதுசென்று மாட்டுகிறார்கள்: சேலத்துக் கார்க்காரர்கள் கவனத்துக்கு

சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2010 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றுக்கு நாலு ஷாக் அப்சார்பரும் புதுசு என்று பில் போட்டிருக்கிறார்கள். மூணு மாசம் தாங்கவில்லை, முன்னால் இரண்டும் ஒழுக ஆரம்பித்துவிட்டன. அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டி. 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டிய இறக்கத்தில் ஷாக் செத்திருந்தால் மூக்கு குத்தும், டயர் ரோட்டை விட்டு எழும்பும். உயிரோடு விளையாடுகிற வேலை இது.

கழற்றி ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன் ஷாக்) அடிப்பக்கம் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டியதும், பட்டாணி அளவுக்கு ஒரு வெல்டிங் புள்ளி தெரிந்தது. ரீகண்டிஷன் சரக்கு. பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, கருத்த ஆயிலை வடித்து, வேறு ஆயில் ஊற்றி, ஓட்டையை அடைத்து ஸ்ப்ரே அடித்துவிடுவார்கள். உள்ளே தேய்ந்த பிஸ்டன் வால்வும் ராடு கைடும் அப்படியே இருக்கும். நைட்ரஜன் கேஸும் திரும்ப ஏறியிருக்காது. கொஞ்ச நாள் கெட்டியாக இருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். கேஸ் ஷாக் என்று சொல்லி விற்றால், ராடை அமுக்கி விடுங்கள். தானாக மெதுவாக மேலே வர வேண்டும்; அமுக்கிய இடத்திலேயே நின்றால் கேஸ் இல்லை. சீல் உடையாத பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் எம்ஆர்பி, பேக்கிங் மாதம், பார்ட் நம்பர் இருக்கும். அந்த நம்பர் பில்லிலும் ஏற வேண்டும். கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொடுக்கத் தயங்குகிற கடையில் அதுதான் அடுத்த வண்டிக்குப் போகிறது.

இதே வண்டியில் வேலையும் மோசம். ராடின் குரோம் மேல் வைஸ் கிரிப் கடித்த பல் தடம். மேல் நட்டைக் கழற்றும்போது ராடு கூடவே சுற்றாமல் இருக்க அதன் தலையில் ஆலன் கீயோ ஸ்பேனரோ போட்டுப் பிடிக்க வேண்டும். பிளையர் போட்டால் விழுகிற கீறல், ஒவ்வொரு குழிக்கும் ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். புது ஷாக்காக இருந்தாலும் இப்படிச் செய்தால் ஒழுகத்தான் செய்யும். கிழிந்த டஸ்ட் கவர், நொறுங்கிய பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது அடி தாங்கும் ரப்பர்), சத்தம் போடுகிற ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு பிடிக்கும் பகுதி) மூன்றையும் மாற்றாமல் பழசையே போட்டிருந்தார்கள். இவற்றின் விலை கொஞ்சம்தான். ஆனால் பின்னால் தனியாக மாற்ற ஸ்ட்ரட்டை மறுபடி இறக்கணும், லேபர் இரண்டு தடவை.

முறையான வேலை இப்படி இருக்கும். முன் ஜோடியோ பின் ஜோடியோ, ஒரு ஆக்சிலில் இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக அமுக்கி இழுத்தால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும். ஸ்பிரிங் கம்ப்ரெஸரால் அமுக்காமல் மேல் நட்டைத் தொடவே கூடாது, ஸ்பிரிங் தெறித்தால் ஆள் போய்விடும். வீல் மாட்டும் ஹப்பை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும். பின் ஷாக்கின் ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி நாலு வீலிலும் தரையில் நின்ற பிறகுதான். தூக்கிய நிலையில் முறுக்கினால் புஷ் முறுக்கிய வாக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். முன் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் கேம்பர், அதாவது வீலின் சாய்வு, மாறும், அதனால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், ஷாக் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். சின்னச் சின்னக் குழியில் டக்டக் சத்தம் வந்தால் பெரும்பாலும் லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பி. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் கிறீச்சிட்டால் மவுண்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஷாக் மேல் லேசான ஈரப் பூச்சு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். ஆயில் வழிந்து தூசி சேறாக ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். டயர் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தால் மேடு பள்ளமாகத் தட்டுவதும் ஷாக் போனதன் அடையாளம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும் அந்த ஷாக்கையும் தூக்கிப் போடாதீர்கள். வெல்டிங் புள்ளியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.