அறுபதா, எழுபதா: அல்சூரில் ஓர் இத்தாலிய வகுப்பு

பெங்களூர் பீன்யாவில் எங்கள் பட்டறையில் பேக்கிங் மெஷின்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்கிறோம். இத்தாலியில் போலோன்யா பக்கம் ஒரு வாடிக்கையாளர் உண்டு. கடிதமெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் போனில் அவசரமாகப் பேசும்போது எண்கள் மட்டும் அவர் வாயில் இத்தாலியனில் வந்துவிடும். போன வருடம் அவர் சொன்ன 67 மில்லிமீட்டரை நான் 77 என்று எழுதினேன். 40 புஷ் (தண்டைச் சுற்றிப் பொருத்தும் உருளை வளையம்) வீணாகிப் போனது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால்தான் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். 10 ஞாயிற்றுக்கிழமை, 7,500 ரூபாய். முதல் நான்கு வாரமும் எண்கள் மட்டுமே. எனக்கு வேண்டியதும் அதுதான்.

டீச்சருக்குத் தமிழ் நன்றாக வரும். ஸெத்தே, ஓத்தோ என்று ஏழையும் எட்டையும் பலகையில் எழுதிவிட்டு, "எட்டு, பத்துன்னு சொல்ற வாய்தானே, இந்த அழுத்தம் உங்களுக்குத் தானா வரும்" என்றார். வந்தது. பிறகு 60க்கும் 70க்கும் வந்தோம். ஸெஸ்ஸாந்தா, ஸெத்தாந்தா. நடுவில் ஒரே ஓர் ஒலிதான் வித்தியாசம். ஏழில் இருக்கிற 'த்த' எழுபதிலும் அப்படியே இருக்கும், அதை மட்டும் காது பிடித்தால் போதும் என்று சொல்லி, எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். அரை மணி நேரம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். 60 என்றால் இடது கை, 70 என்றால் வலது கை தூக்க வேண்டும். எந்தப் புத்தகமும் எனக்கு இதைத் தந்திருக்காது.

20 வேந்தி, 1 ஊனோ, இரண்டும் சேர்ந்தால் வெந்தூனோ. 20இன் கடைசி உயிர் விழுந்துவிடுகிறது. கேஜிஎஃப்பிலிருந்து ரயிலில் வரும் தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணா, நம்ம இருபத்தொண்ணு மாதிரியே இருக்குல்ல?" என்றான். 28ம் அப்படித்தான், வெந்தோத்தோ. குழப்புவது பதின்களில்தான். 16 வரை ஒற்றை எண் முன்னால், பத்து பின்னால்: ஸேதிச்சி. 17இல் அது தலைகீழாகி, பத்து முன்னால் வந்துவிடும்: திச்சஸ்ஸெத்தே. நமக்குப் பதினொன்றிலிருந்தே பத்து முன்னால்தான் என்பதால் 17, 18, 19 எனக்குச் சுலபமாக ஒட்டிக்கொண்டன. 11 முதல் 16 வரை இன்னும் ஒரு நொடி யோசிக்கிறேன்.

நான்காவது ஞாயிறு தோம்போலா, எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் தேடி மூடும் விளையாட்டு. நம் தம்போலாவுக்குப் பெயர் வந்ததே இதிலிருந்துதான். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஆடுவார்களாம். அதே 1 முதல் 90, ஒரு சீட்டில் 15 எண். மூடி வைக்க டீச்சர் ஒரு டப்பா மொச்சை கொண்டு வந்திருந்தார். ஒரு வரியில் இரண்டு விழுந்தால் ஆம்போ, மூன்று தேர்னோ, ஐந்து சின்க்குவீனா. அவர் வேகமாகக் கூப்பிடக் கூப்பிட, மனதுக்குள் தமிழில் மாற்றிப் பார்க்க நேரமே இல்லாமல் கை மொச்சையைத் தேடியது. எனக்கு எண்கள் பிடிபட்டது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

குறைகளும் உண்டு. 18 பேருக்கு அந்த அறை போதாது, பின்வரிசைக்குத் தெருச் சத்தம்தான் கேட்கும். வீட்டில் கேட்டுப் பழக ஒலிப்பதிவு எதுவும் தருவதில்லை. காதுக்காகவே நடக்கும் வகுப்பில் இது பெரிய குறை. அப்புறம், இத்தாலியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்றால் ஒன்றரை. இதை ஒன்பதாவது வாரம் போகிற போக்கில் சொன்னார்கள். டிராயிங் பார்த்து வேலை செய்கிறவனுக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். டீச்சரிடம் நேரிலும் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

போன மாதம் போலோன்யாவிலிருந்து மறுபடி போன். ஸெஸ்ஸாந்தஸெத்தே என்றார். நானும் திருப்பிச் சொல்லிவிட்டு 67 என்று எழுதினேன். "எஸாத்தோ" என்றார், மிகச் சரி என்று.

பணம் கட்டும் முன் ஒரு ஞாயிறு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். தோம்போலா எந்த வாரம் என்று கேட்டுக்கொண்டு போங்கள், முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.