சிறப்புப் பள்ளியில் சேர்க்கும் முன், சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எதற்கானது என்று படித்துப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற கல்வியாண்டில் எங்கள் எட்டு வயது மகனை இப்பகுதியிலுள்ள ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். பெயர்ப்பலகையில் பள்ளி என்று எழுதியிருந்த அந்த மையத்துக்கு அப்படி நடத்துவதற்கான பதிவே இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

வாடகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீடு அது. பார்க்க வரும் பெற்றோரை முன்பக்கத்துப் பட்டாலையில் உட்கார வைத்து உபசரித்து, ஊஞ்சலும் வண்ணப் பந்துகளும் பெரிய கண்ணாடியும் உள்ள தெரபி அறையைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் பகலெல்லாம் இருக்கும், வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் மட்டும், புதியவர்களைக் கண்டால் பிள்ளைகள் மிரளுவார்கள் என்று சொல்லி, யாரையும் விடுவதில்லை. மகனுக்குக் காய்ச்சல் என்று அழைத்த ஒரு நாள் நான் நேரே உள்ளே போய்விட்டேன். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா மட்டுமே இருந்தார். பேச்சுப் பயிற்சி எப்போது நடக்கும் என்று கேட்டேன். “அந்த டீச்சரு மதுரையிலேர்ந்து வரணும் தாயி, யாராச்சும் பாக்க வர்ற அன்னைக்கித்தான் வருவாக” என்றார். மாதந்தோறும் நாங்கள் கட்டிய ஒன்பதாயிரம் ரூபாயில் பாதிக்கு மேல் அந்தப் பயிற்சிக்கென்றே வாங்கப்பட்டது.

அலுவலக அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு இரண்டு சான்றிதழ்கள் மாட்டியிருந்தார்கள். ஒன்று அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததற்கானது. மற்றொன்று நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி சான்று. இரண்டுமே உண்மையானவைதான், ஆனால் இரண்டுக்கும் பள்ளி நடத்தும் அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 50ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான எந்தத் தனியார் நிறுவனமும் பதிவுச் சான்று பெற்றே நடத்தப்பட வேண்டும். அந்தச் சான்றைப் பார்வையில் படும்படி வைக்கவும் வேண்டும். பதிவு உண்டா என்று சிவகங்கையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். திருமயம், பொன்னமராவதிப் பக்கத்தவர்கள் புதுக்கோட்டையில் கேட்க வேண்டும்.

ஆசிரியர்களைப் பற்றியும் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992இன்படி சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் (சி.ஆர்.ஆர்.) பெயர் பதிந்திருக்க வேண்டும். சி.ஆர்.ஆர். எண் என்று கேட்டால், முறையாகப் படித்தவர் முகம் சுளிக்காமல் சொல்லிவிடுவார். எந்தக் குறைபாட்டுக்கான படிப்பு, பதிவு காலாவதியாகவில்லையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே ‘தலைமைச் சிறப்பாசிரியர்’ காட்டியது, தபால்வழிக் குழந்தை உளவியல் டிப்ளமோ ஒன்றை மட்டுமே.

பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தைப் பலமுறை கேட்ட பிறகு தந்தார்கள். அதன் இரண்டாம் பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயர் இருந்தது! இப்போது பிள்ளையால் என்ன முடிகிறது, எத்தனை மாதத்தில் எதைக் கற்பிக்கப் போகிறார்கள், யார் கற்பிப்பார், முன்னேற்றத்தை எப்படி அளப்பார்கள் என்ற விவரம் எதுவுமின்றி, ‘பேச்சு மேம்படும்’, ‘நடத்தை சீராகும்’ என்று முடித்திருந்தார்கள். பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே ஆறு மாதத்தில் பேச வைத்துவிடுவோம் என்று சொன்னவர்களும் இவர்களே. விவரம் தெரிந்த எந்தப் பயிற்சியாளரும் அப்படிக் கெடு சொல்ல மாட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் 80ஜி சான்றின் உண்மையான பயன் விளங்கியது. சேர்க்கைத் தொகை நாற்பதாயிரத்தையும் மாதக் கட்டணங்களையும் ‘நன்கொடை’ என்றே ரசீதில் எழுதியிருந்தார்கள். நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்பதே பதில். கட்டணம் என்று எழுதாத ரசீதை வாங்காதீர்கள்.

ஆறு முதல் பதினெட்டு வயது வரை, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு உரிமை தருகிறது. மகன் இப்போது அரசுப் பள்ளிக்குப் போகிறான். அரசுக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வாரந்தோறும் அவனுக்குப் பயிற்சி தருகிறார். வசதிகள் குறைவுதான், ஆனால் எழுதிக் கொடுத்தது நடக்கிறது.

அந்த மையத்தில் பணம் கட்டிய மற்ற பெற்றோர், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடை ரசீதுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் நகலெடுத்து இணையுங்கள். விசாரணை அலுவலர் எங்களிடம் முதலில் கேட்டவை அவைதாம்.