மனை வாங்க யாரிடம் போவது: பத்திர எழுத்தரா, வக்கீலா?

போன வருடம் செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை வாங்கினோம். பத்திர எழுத்தர் போதுமா, வக்கீலிடமும் போக வேண்டுமா என்று வீட்டில் ஒரே பேச்சு. கடைசியில் வக்கீலிடம் போனோம். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பத்திர எழுத்தரைக் குறைத்துச் சொல்லவில்லை. டோக்கன் போடுவது, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு பார்த்து 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம் கணக்குப் போடுவது, நான்கெல்லை பிசகாமல் எழுதுவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூலியும் குறைவு.

ஆனால் விற்பவருக்கு விற்க உரிமை உண்டா என்று பார்ப்பது வேறு வேலை. சார்பதிவாளர் பார்த்துக்கொள்வார் என்று பலரும் நம்புகிறார்கள். அது அவர் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எங்கள் மனைக்கு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) சுத்தம், பட்டா அண்ணன் தம்பி இருவர் பேரில். வக்கீல் மூலப்பத்திரத்தை, அதாவது இந்த மனை அவர்கள் குடும்பத்துக்கு வந்த பழைய பத்திரத்தைப் பிரித்ததும், "வாங்கினது இவங்க அப்பா. அவர் இறந்துட்டார்னா உயில் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், கட்டிக்கொடுத்த தங்கை ஒருவர் பெயரும் அதில் இருக்கிறது. உயில் எழுதாமல் போனவரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. வில்லங்கத்தில் இது வராது, ஏனென்றால் அதில் ஏறுவது பதிவான பத்திரங்கள்தான், அப்பா இறந்து சொத்து பிள்ளைகளுக்கு வருவதற்குத் தனியாகப் பத்திரப்பதிவு கிடையாது. பட்டாவை மட்டும் வைத்து உரிமை பேசவும் முடியாது. அந்தத் தங்கையும் விற்பவராகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாக்கிப் பணத்தைக் கொடுத்தோம். விட்டிருந்தால், நாளைக்கு நம் பிள்ளைகள் விற்கப் போகும்போது பாகப்பிரிவினை வழக்காக வந்து நிற்கும்.

கடன் வாங்கினால் வங்கி வக்கீல் பார்ப்பாரே என்பார்கள். சரி, பார்ப்பார். ஆனால் அவர் கருத்துரை வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு, அதுவும் பெரும்பாலும் நாம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வரும். நமக்கு அது முன்னாலேயே வேண்டும்.

அபார்ட்மென்ட் வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். சொத்துக்குச் சொத்து மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் என்றால் இரண்டு பேருமே வாங்குபவர்கள், ஆகவே இரண்டு சொத்தின் மூலப்பத்திரங்களையும் பார்த்தே ஆகவேண்டும்.

வக்கீல் சரி சொன்ன பிறகு பத்திரத்தை உள்ளூர் எழுத்தரிடமே எழுதக் கொடுத்தோம். பதிவுக்கு முன் வரைவை மட்டும் வக்கீல் ஒருமுறை வாசித்துக் கொடுத்தார்.