ஜானி கேஷின் ஆரம்பகாலப் பதிவுகள்: ஒரு தட்டா, ஐந்து தட்டா?

மெம்ஃபிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் (கன்ட்ரி) பாடகர் ஜானி கேஷ் பாடியவற்றைக் கேட்க நல்ல மறுவெளியீடுகள் இரண்டு. ஒன்று, 1957இல் வந்த அவருடைய முதல் ஆல்பம், ‘ஹாட் அண்ட் ப்ளூ கிடார்’. பன்னிரண்டு பாடல்களோடு வந்ததை 2002இல் இன்னும் ஐந்து பதிவுகள் சேர்த்து வெளியிட்டார்கள். மற்றது, ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 1990இல் கொண்டுவந்த ஐந்து சிடி பெட்டி.

முதன்முறை கேட்பவருக்கு ஒற்றை ஆல்பமே போதும் என்பேன். லூதர் பெர்கின்ஸின் கிடார், மார்ஷல் கிராண்டின் பேஸ், கேஷின் குரலும் கிடாரும், அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது. கேஷ் தன் கிடார் கம்பிகளுக்கிடையே காகிதத்தைச் செருகி அந்தத் தாளத்தைக் கொண்டுவந்தார். ‘ஃபால்சம் ப்ரிசன் ப்ளூஸ்’ பாட்டில் அது ரயில் ஓடுவதுபோலவே கேட்கும். என்ன ஒரு சிக்கனம்!

பெட்டியின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பாட்டின் மாற்றுப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கலாம். ‘ஐ வாக் த லைன்’ பாட்டை மெதுவாகப் பாடவே கேஷ் விரும்பினார். சன் நிறுவனர் சாம் ஃபிலிப்ஸ் வேகமான பதிவைத்தான் வெளியிட்டார். 1958 வாக்கில் ஜாக் கிளெமென்ட் தயாரிப்பில் பின்னணிக் குரல்களும் சேர்ந்துவிட்டன. எனக்கு அவை கேஷின் குரலுக்கு ஒட்டவே இல்லை. ஆனால் அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் பெட்டியை வாங்குங்கள். அப்புறம், அதை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். நாளுக்கு ஒரு தட்டு போதும்.