வால்வு ப்ரீஆம்ப் சோதனை மேடை: பிரெட்போர்டா, மரப்பலகையா, கழற்றி மாட்டும் தொகுதிகளா?

கிட்டாருக்கான வால்வு ப்ரீஆம்ப்பில் (வெற்றிடக் குழாயால் சிக்னலை முதலில் பெருக்கும் சுற்றில்) ஒலியின் குணத்தை மாற்றுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாகங்கள்தான். வால்வில் எலக்ட்ரான்களை வெளியிடும் முனையான கேத்தோடில் 1.5 கிலோ ஓம் மின்தடையா, 2.7 கிலோ ஓமா? அதற்கு இணையாக 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியா, கீழ்ச்சுரங்களை மெலிய வைக்கும் 0.68 மைக்ரோஃபாரடா? இதையெல்லாம் காதால் கேட்டு முடிவு செய்யத்தான் சோதனை மேடை. ஆகவே நான் எந்த மேடையையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இங்கே கேட்ட ஒலி, சுற்று பெட்டிக்குள் போன பிறகும் அப்படியே இருக்குமா?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது, சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டு. மின்வழியில் 300 வோல்ட், பிளேட்டில் (பெருகிய சிக்னல் வெளிவரும் முனையில்) 150 முதல் 200 வோல்ட் வரை இருக்கும் சுற்றை, 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் கொண்ட அந்தப் பலகையில் செருகுவதே ஆபத்து; அது குறைந்த மின்னழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட பொருள். ஆபத்தை ஒதுக்கி வைத்தாலும் அது பொய் சொல்லும். 12ஏஎக்ஸ்7 வால்வில் 1ஆம் முள் பிளேட், 2ஆம் முள் கிரிட் (சிக்னல் நுழையும் முனை). பிரெட்போர்டில் இவை பெரும்பாலும் அடுத்தடுத்த வரிசைகளில் போய் உட்காரும். அந்த வரிசைகளுக்கு நடுவே சில பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு. வால்வுக்குள்ளேயே கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே இருப்பது சுமார் 1.7 பிக்கோஃபாரட்தான். பெருக்கம் 60 என்றால், பெருக்கத்தோடு சேர்ந்து மின்தேக்குத்திறனும் பெருகும் மில்லர் விளைவால் உள்ளே வரும் சிக்னலுக்கு அது 100 பிக்கோஃபாரடுக்குச் சற்று மேலாகத் தெரியும். பலகை இன்னும் 2 பிக்கோஃபாரட் சேர்த்தால் 220ஐத் தாண்டிவிடும்.

கிரிட்டுக்கு முன்னால் 68 கிலோ ஓம் இருந்தால், மேல் அதிர்வெண் எல்லை 22 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10க்கு இறங்கும். கிட்டார் ஸ்பீக்கரே அவ்வளவு உயரத்துக்குப் போகாது என்பதால் இது யாருக்கும் கேட்காது. ஆனால் அதிகப் பெருக்கமுள்ள சுற்றுகளில் நிலைகளுக்கு (ஒவ்வொரு பெருக்கும் படிக்கும்) நடுவே 470 கிலோ ஓம் வைப்பது வழக்கம். அங்கே எல்லை 3.2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.5 கிலோஹெர்ட்ஸுக்கு விழும். மேடையில் மந்தமாகக் கேட்டதைச் சரிசெய்ய நீங்கள் பாகங்களை மாற்றுவீர்கள். பெட்டிக்குள் போனதும் அதே சுற்று காதைக் குத்தும்.

12 வோல்ட்டில் வால்வை ஓட்டினால் பிரெட்போர்டு பாதுகாப்பாகிவிடும் என்பார்கள். பாதுகாப்பாகும், உண்மை. ஆனால் அந்த மின்னழுத்தத்தில் வால்வின் நடத்தையே வேறு. 300 வோல்ட் சுற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எல்டிஸ்பைஸ் போன்ற உருவகப்படுத்தும் மென்பொருள் இதைவிட மேல்: மின்னழுத்தங்களையும் டோன் கட்டுப்பாட்டின் வளைவையும் நம்பிக்கையோடு காட்டும். ஹம்மையும் (மின்சாரத்தால் எழும் ரீங்காரத்தையும்) கம்பிகளின் நெருக்கத்தால் எழும் ஊளையையும் மட்டும் காட்டாது.

மரப்பலகையில் டேக் ஸ்ட்ரிப்புகளை (சால்டர் செய்ய உலோகக் காதுகள் கொண்ட பட்டைகளை) அறைந்து, நடுவே ஒன்பது முள் சாக்கெட்டைப் பொருத்தி, பாகங்களை நேரடியாகச் சால்டர் செய்வது பழைய முறை. நேர்மையான முறையும் அதுதான். கிரிட் கம்பி குட்டையாக இருக்கும், பிளேட் கம்பியை விலக்கி வைக்கலாம், கேட்பது உண்மையாக இருக்கும். குறை என்னவென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மின்சாரத்தை அணைத்து, மின்தேக்கிகள் இறங்கக் காத்திருந்து, சால்டரிங் இரும்பை எடுக்க வேண்டும். முதல் ஒலியை மறந்த பிறகுதான் இரண்டாவது காதில் விழும். ஒரே ஒரு ப்ரீஆம்ப் செய்யப்போகிறவருக்கு இது போதும். அவர் தொகுதிகள் செய்வது வீண் வேலை.

அடுத்தடுத்துப் பல சுற்றுகளை முயல்கிறவருக்குத்தான் கழற்றி மாட்டும் தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஒரு வால்வு, அதைச் சுற்றிய பாகங்கள் எல்லாம் அதனுடனேயே. இங்கே வெற்றி தோல்வி இணைப்பானின் விலையில் இல்லை, சுற்றை எங்கே வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பிளேட்டிலிருந்து வரும் இணைப்பு மின்தேக்கியைத் தாண்டிய பிறகு வெட்டினால், தொகுதிகளுக்கு நடுவே உயர் நேர்மின்னழுத்தம் கடக்காது. மின்தேக்கியின் வெளிமுனையிலிருந்து 2.2 மெகா ஓம் ஒன்றைத் தரைக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் அந்த முனை மின்னேற்றத்தோடு தொங்கி, மாட்டும்போது வெடிக்கும் சத்தம் தரும். கிரிட்டின் 1 மெகா ஓம் பெறும் தொகுதியில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் கழற்றி வைத்தாலும் கிரிட் அந்தரத்தில் நிற்காது.

அந்த 470 கிலோ ஓமும் பெறும் பக்கத்திலேயே, சாக்கெட்டை ஒட்டி. 100 கிலோ ஓம் பிளேட் மின்தடை உள்ள நிலையின் வெளியீட்டு மின்மறுப்பு ஏறக்குறைய 38 கிலோ ஓம். ஒரு சாண் நீளக் கவசக் கேபிள் சேர்க்கும் 20, 30 பிக்கோஃபாரட்டை அது பொருட்படுத்தாது. அதே கேபிளை 470 கிலோ ஓமுக்குப் பின்னால் வைத்தால் மேல்சுரங்கள் தேயும். முந்தைய பிளேட்டோடு நேரடியாகப் பிணைந்த கேத்தோடு ஃபாலோயரை, அதாவது கேத்தோடிலிருந்து வெளியீடு எடுக்கும் நிலையை, பிரிக்கவே கூடாது. இரண்டும் ஒரே தொகுதி.

தொகுதிகளை எந்த இடத்திலும் மாட்டலாம் என்ற சுதந்திரம்தான் இந்த முறையில் மாட்டிவிடும் கண்ணி. இரண்டு நிலைகள் சேர்ந்தாலே பெருக்கம் 3,600ஐ நெருங்கும். கடைசித் தொகுதி முதல் தொகுதியின் பக்கத்தில் அமர்ந்தால் ஊளைதான் மிஞ்சும். வரிசையாக, ஒரே திசையில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் சொந்தமாக 10 கிலோ ஓமும் 450 வோல்ட் தாங்கும் 22 மைக்ரோஃபாரடும் மின்வழியில் இருக்கட்டும். தரைக்கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகட்டும். கேபிள் கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்தால் தரைக்கம்பிகளில் வளையம் உருவாகாது.

வால்வை மாற்றிப் பார்ப்பது இதில் இன்பம். 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூன்றுக்கும் முள் வரிசை ஒன்றே. ஈசிசி88ஐ மட்டும் அங்கே செருகிவிடாதீர்கள்; அதன் 9ஆம் முள் ஹீட்டரின் (கேத்தோடைச் சூடாக்கும் இழையின்) நடுமுனை அல்ல, உள்கவசம்.

மின்வழங்கியில் எனக்குப் பிடித்தது முதுகோடு முதுகாக இணைத்த இரண்டு 12 வோல்ட் மின்மாற்றிகள்: நடுவிலிருந்து ஹீட்டருக்கு 12 வோல்ட், மறுமுனையில் தனிமைப்படுத்திய உயர் மின்னழுத்தம். 12 வோல்ட்டை 250 ஆக்கும் ஸ்விட்சிங் பலகை சிறியது, ஹம் இல்லாதது. அதன் உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டும் பொறுமை வேண்டும். வேரியாக் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்மாற்றி) மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அது மின்சார வழியிலிருந்து உங்களைத் தனிமைப்படுத்தாது.

எதைத் தேர்ந்தாலும் வழங்கி மூடிய பெட்டியில் இருக்கட்டும். இணைப்பான்களில், மின்சாரம் வரும் பக்கத்தில் எப்போதும் துளை, தொகுதியின் பக்கத்தில் முள். 300 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் என்பது 4.5 ஜூல், அதற்கு இணையாக 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் போட்டால் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். தொகுதியைக் கழற்றும் முன் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.