எந்தக் கலர் எடுக்கும்: செல்போன் ஆப்பா, மொட்டை மாடியா?

முகத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதற்கென்றே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். சிலர் நேரில் வரச் சொல்கிறார்கள், சிலர் வீடியோ காலிலேயே முடித்துவிடுகிறார்கள். கடைசியில் ஒரு கலர் அட்டை வரும். கட்டணம் ஆயிரங்களில். கொழுந்தனார் கல்யாண ஜவுளிக்கு முன்னால் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. அந்தக் காசுக்கு இன்னொரு புடவை எடுக்கலாம் என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதால், செலவில்லாத வழிகளை நானும் நாத்தனாரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஜெயித்தது மொட்டை மாடிதான், அதாவது மாடி வெளிச்சத்தில் துணியை முகத்தருகே போட்டுப் பார்ப்பது. அதனால் மற்ற வழிகளுக்கு இங்கே சம இடம் கிடைக்காது.

முதலில் மணிக்கட்டு நரம்பு. பச்சையாகத் தெரிந்தால் உங்கள் தோலில் மஞ்சள் சாயல், நீலமாகத் தெரிந்தால் நீலச் சாயல், அந்தச் சாயலோடு ஒத்துப்போகும் நிறங்களே எடுக்கும் என்று கணக்கு. ரத்தம் எல்லாருக்கும் கருஞ்சிவப்புதான். தோலுக்குள் போகிற ஒளி சிதறித் திரும்புவதால்தான் நரம்பு நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. மாநிறத்துக்கு மேல் போனால் நரம்பு இருக்கும் இடமே சரியாகத் தெரியாது. என் கையில் ஒன்று பச்சை, ஒன்று நீலம், மீதி காணவில்லை. வெள்ளைத் தோல்காரர்களுக்கு ஒருவேளை உதவலாம்.

அடுத்து தங்கமா வெள்ளியா சோதனை. தங்கம் எடுத்தால் மஞ்சள் சாயல், வெள்ளி எடுத்தால் நீலச் சாயல். நம் வீடுகளில் வெள்ளியைக் காலோடு நிறுத்திவிட்டு, கழுத்திலும் காதிலும் தங்கத்தையே பார்த்துப் பழகியிருக்கிறோம். "எது எடுப்பா இருக்கு?" என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கம் என்பார்கள். இதில் பதில் சொல்வது பழக்கம். தோலுக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டுப் பெரியவர்கள், தையல்காரர், கடைக்காரர் சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். தையல்காரர் பார்க்கிற முகங்களின் எண்ணிக்கைக்கு எந்தப் படிப்பும் ஈடாகாது. ஆனால் எல்லாருடைய பதிலுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: எதில் சிவப்பாகத் தெரிவாய்? "நீங்க கொஞ்சம் மாநிறம்ல, லைட்டா எடுத்துக்கோங்க" என்று பேபி பிங்க்கையும் சாம்பலையும் நீட்டுவார்கள். நாத்தனாரின் பீரோவில் அப்படி வந்த இளம் கலர்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. முகம் தெளிவாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை நாம் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

ஆப் விஷயத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் அதுதான் பார்வைக்கு விஞ்ஞானம் மாதிரி இருக்கிறது. செல்ஃபி கொடுத்தால் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று ஏதாவது ஒன்றில் நம்மைப் போட்டு, அந்தப் பருவத்துக்கான நிறங்களைக் காட்டும். சில ஆப்கள் அதையே பன்னிரண்டாகப் பிரிக்கும். இந்தப் பருவக் கணக்கு 1980களில் அமெரிக்காவில் பரவியது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் வண்ணம் கற்பித்த யோஹன்னஸ் இட்டனின் சிந்தனையில் அதற்கு வேர் உண்டு. தொடக்கத்தில் கறுப்பு முடி, கறுப்புக் கண், அடர்ந்த தோல் உள்ளவர்களை ஏறக்குறைய மொத்தமாகக் குளிர்காலத்தில் போட்டுவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எல்லாரும் ஒரே பெட்டி. பிறகு திருத்தினார்கள், பிரித்தார்கள், சரி. ஆனால் ஆப்புக்கு வேறொரு நோய் இருக்கிறது. ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த படத்துக்கு ஒரு பருவம் சொன்னது. அதே முகத்தை மாடியில் எடுத்துக் கொடுத்தால் வேறு பருவம் சொன்னது. நடுவில் முகம் மாறவில்லை. வெளிச்சம்தான் மாறியிருந்தது.

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த வெளிச்சத்தில்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரவிக்கைத் துணி எடுக்க மேட்சிங் கடைக்குப் புடவையோடு போனவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள்: "வாசல்ல வெளிச்சத்துல வச்சுப் பாருங்கக்கா." உள்ளே அச்சு அசலாகப் பொருந்திய அரக்கு, வாசலில் காப்பிப்பொடியாகிவிடும். இரண்டு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்துபோவதைச் சாயத்தொழிலில் மெட்டாமெரிசம் என்பார்கள். துணிக்கும் துணிக்கும் நடுவே இதைப் பார்க்கத் தெரிந்த நாம், துணிக்கும் தோலுக்கும் நடுவே பார்ப்பதில்லை. கடைக்குள்ளேயே கண்ணாடி முன் தோளில் போட்டு, "சூப்பரா இருக்கு" என்றதும் பில் போடச் சொல்லிவிடுகிறோம்.

பல்பு வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 கெல்வின் என்றால் மஞ்சள். அது வெளிச்சத்தின் நிறம் மட்டும். பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று தனி அளவு இருக்கிறது, முழு மதிப்பு 100. வீட்டுக்கு வாங்கும் சாதாரண எல்.இ.டி. 80 பக்கம் இருக்கும். குறைகிற இடம் பெரும்பாலும் அடர் சிவப்பு. முகத்தில் உயிரோட்டம் காட்டுவதும் அந்தச் சிவப்புதான் என்பதால், எல்.இ.டி.க்குக் கீழே நல்ல நிறமும் கெட்ட நிறமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி டல்லடிக்கும்.

செல்போன் கேமரா இன்னொரு படி மேலே போய், படத்தில் இருக்கிற நிறங்களைக் கூட்டிக் கழித்து எது வெள்ளை என்று தானே முடிவு செய்துகொள்ளும். கழுத்துக்குக் கீழே பெரிய மஞ்சள் துணி இருந்தால் அந்த மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். அந்த வேகத்தில் முகத்தின் நிறமும் நகர்ந்துவிடும். முன்பக்கக் கேமராவில் முகத்தை வெளுப்பாக்கும் வசதி வேறு பல போன்களில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆப் எடைபோடுவது இத்தனையும் நடந்து முடிந்த முகத்தை. வீடியோ கால் ஆலோசகர் பார்ப்பதும் அதே கேமரா வழியாகத்தானே என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் காசு கொடுத்துப் பார்த்ததில்லை, அதனால் சந்தேகத்தோடு விடுகிறேன்.

"பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நில்லுங்கள்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். வடசென்னையில் அந்த ஜன்னலை நம்பாதீர்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் நுழைய முடியாது. ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது. அந்தச் சுவர் பிஸ்தா பச்சை. அங்கே நின்றால் மகாலட்சுமிக்கே முகம் வாடித் தெரியும். ஆகவே மாடிதான். கறுப்புத் தண்ணீர் டேங்கின் நிழல் வாகான இடம்: மேலே திறந்த வானம், பக்கத்தில் நிறம் தெறிக்காத கறுப்பு. காலை ஒன்பது, பத்து மணி போதும். உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். சாயங்கால வெயிலில் எந்த நிறமும் அழகாகத் தெரிந்துவிடும், அதை நம்பி எதையும் வாங்கமுடியாது. மேகமூட்டமான நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

துணிக்கு அலையவேண்டாம். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நவராத்திரி என்று தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் பீரோவின் மேல்தட்டில் தைக்காமல் கிடக்குமே, அவைதான் நமக்கு ஆலோசகரின் துணிக்கட்டு. நாம் தேர்ந்தெடுக்காமல் யார் யாரோ கொடுத்தவை என்பதால் நம் விருப்பு வெறுப்பு அதில் ஏறியிருக்காது. பளபளப்பில்லாத பருத்தியாகப் பார்த்து எடுங்கள். அந்தப் பழக்கம் இல்லாத வீடுகளில் துப்பட்டா போதும்; ராயபுரத்தில் என் சிநேகிதி துப்பட்டாவில்தான் பார்த்தாள்.

முடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, பவுடர் இல்லாமல், எண்ணெய் வழியாமல் உட்காருங்கள். போட்டிருக்கும் நைட்டியை மறைக்கத் தோளில் ஒரு வெள்ளை வேட்டி. தினமும் வைக்கிற பொட்டை எடுக்கச் சொல்லமாட்டேன், அதோடுதானே வெளியே போகப்போகிறோம். பிறகு துணிகளை ஜோடியாகப் போடுங்கள். ஒரு நிறத்தைத் தனியாகப் பார்த்தால் எதுவும் சொல்லாது. எலுமிச்சை மஞ்சளுக்கு எதிரே மாம்பழ மஞ்சள், தக்காளிச் சிவப்புக்கு எதிரே அரக்கு, கிளிப்பச்சைக்கு எதிரே பாட்டில் பச்சை, ஆனந்தா நீலத்துக்கு எதிரே எம்.எஸ். ப்ளூ என்கிற அடர் நீலம். கூட இருப்பவர் துணியைப் பார்க்கக்கூடாது. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை, வாயோரத்து நிழல், உதட்டின் நிறம், தாடையின் ஓரம், இந்த நான்கும் துணி மாறும்போது கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் சொல்லவேண்டும். "நல்லா இருக்கு" என்ற வார்த்தைக்குத் தடை.

இது கண்கட்டு வித்தை இல்லை. துணியில் பட்ட வெளிச்சம் அதன் நிறத்தோடு தாடைக்கு அடியில் ஏறுகிறது, அது ஒரு காரணம். இன்னொன்று கண்ணுக்குள் நடப்பது. பாரிஸில் கோப்லன் சித்திரத் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைவரான வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த் திசையில் தள்ளும் என்பதை 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். அடர் துணிக்குப் பக்கத்தில் தோல் ஒளி கூடித் தெரிவதும், வெளிர் துணிக்குப் பக்கத்தில் இன்னும் கருத்துத் தெரிவதும் அந்தக் கணக்குதான். கடைக்காரர் நீட்டுகிற பேபி பிங்க் நாத்தனாருக்கு ஏன் எடுக்கவில்லை என்பதும் அங்கேயே விளங்கியது.

எங்களுக்கு வந்த பதிலில் ஒன்றுதான் என்னை யோசிக்கவைத்தது. "மஞ்சள் உனக்கு எடுக்காது" என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிவந்தார். எடுக்காதது எலுமிச்சை மஞ்சள்; மாம்பழ மஞ்சளில் வாயோரத்து நிழல் காணாமலே போனது. சிவப்பிலும் அப்படித்தான்: அரக்கு ஆகும், தக்காளி ஆகாது. ஒரு நிறத்தையே ஒட்டுமொத்தமாகத் தள்ளிவைக்கிற பேச்சு மாடியில் நிற்கவில்லை. நம் தோலுக்கு மஞ்சள் சாயல், நீலச் சாயல் என்பதைவிட, துணியின் நிறம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு தெளிவு என்பதே பெரிதாக வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் பார்த்தது விரல்விட்டு எண்ணும் முகங்கள்தான், சட்டமாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

வெள்ளையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சோப்புத் தூளில் துவைத்த வேட்டியும், கடையில் வாங்கிய புதுச் சட்டையும் வெயிலில் அளவுக்கு மீறி வெள்ளையாகத் தெரியும். புதுத் துணியிலும் சோப்புத் தூளிலும் இருக்கும் பளிச்சாக்கும் ரசாயனம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. அதோடு வெளுக்காத கோரா துணியை ஒப்பிட்டால் கோரா பெரும்பாலும் ஜெயிக்கும். அதிலிருந்து உங்கள் தோலைப் பற்றிப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

மாடி முறைக்கும் எல்லை உண்டு. மயில் கழுத்து மாதிரி ஊடும் பாவும் வேறு நிறமாக நெய்த பட்டு, திரும்பத் திரும்ப நிறம் மாறும். அதில் எங்களால் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. அகல ஜரிகை முகத்தருகே வந்தாலும் கணக்கு குழம்புகிறது. ஆண்களுக்குக் காலர் அளவுக்குத்தான் துணி முகத்தைத் தொடுகிறது, அதனால் பலன் குறைவாக இருக்கலாம். வீட்டுக்காரர் இரண்டு சட்டைக்கு மேல் பொறுமையாக உட்காரவில்லை. தலைக்கு டை அடிப்பதை நிறுத்தியவர்கள் மறுபடி பார்ப்பது நல்லது. நரை வந்தபின் அத்தைக்குப் பழைய காப்பிப்பொடி நிறம் முன்போல எடுக்கவில்லை.

பெரிய ஓட்டை கல்யாண மண்டபம். ரிசப்ஷன் மேடையில் மஞ்சள் விளக்கும் வீடியோக்காரரின் லைட்டும்தான் சூரியன். பகலில் தேறிய நிறம் அங்கேயும் தேறும் என்று உறுதி கிடையாது. மாடியில் தேறிய துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ராத்திரி 3000 கெல்வின் பல்புக்குக் கீழே இன்னொரு சுற்று பார்த்தோம். எம்.எஸ். ப்ளூ அங்கே கறுப்பாக இறங்கியது, அரக்கு நின்றது. முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று என்று அப்படித்தான் பிரித்தோம்.

தேறிய ரவிக்கைத் துணிகளின் ஓரத்தில் விரலகலம் வெட்டி, பின் குத்திப் பர்ஸில் வைத்துக்கொண்டால் கடையில் பேச்சு குறையும். தீபாவளி, ரம்ஜான் நெரிசலில் எம்.சி. ரோட்டில் துணியோடு வாசலுக்கு வர யாரும் விடமாட்டார்கள். வாரநாளில், கடை திறந்த கையோடு போங்கள். விலை கேட்பதற்கு முன்னாலேயே "வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டால், அவர்களே ஒரு பையனைக் கூட அனுப்புவார்கள்.