பழைய கணினிக்குப் பொருந்தும் கிராபிக்ஸ் கார்டு எது? 3060, 4060, ஆர்க் பி580

என் தங்கை மகனின் கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-9400எஃப் பிராசசர், பி365 மதர்போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). புது கிராபிக்ஸ் கார்டுக்காக அவன் பார்த்து வைத்திருந்தவை மூன்று: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி), ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி), இன்டெல் ஆர்க் பி580 (12 ஜிபி). "மாமா, பி580தான் வேகம், ரிவியூ எல்லாம் பார்த்துட்டேன்" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த ரிவியூக்களில் கார்டைப் பூட்டியிருந்தது புத்தம்புதிய, உச்ச வேகப் பிராசசர் உள்ள கணினியில். இவனுடையது 2019-இல் வந்த பிராசசர்.

பி580-க்கு ரீசைசபிள் பார் வசதி கட்டாயம் வேண்டும். கார்டின் மொத்த நினைவகத்தையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்ட வைக்கும் வசதி அது. இல்லாவிட்டால் இந்தக் கார்டின் வேகம் பெரிதும் விழும். இன்டெல் பிராசசர்களில் 10-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆர்க் கார்டுகளுக்கு அதிகாரபூர்வ ஆதரவு. 9400எஃப் அதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. சில பழைய போர்டுகளுக்கு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் இந்த வசதி வந்தது உண்மைதான். அதை நம்பிக் காசைப் போட எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்க் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பிராசசருக்கு அதிக வேலை வைக்கும். 2025 ஜனவரியில் ஏஎம்டியின் ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசர்களோடு சோதித்தபோது, புதிய கணினியில் 4060-ஐ முந்திய இதே பி580 பல கேம்களில் அதற்குப் பின்னால் போனது. ஆக, இந்தக் கணினிக்கு பி580 வேண்டாம்.

மீதி இரண்டில் முதலில் கார்டைச் செருகும் ஸ்லாட்டைப் பார்க்க வேண்டும். பி365 போர்டில் இருப்பது பிசிஐஇ 3.0 வகை ஸ்லாட். அதில் 16 லேன்களுக்கு (தரவு போகும் தடங்கள்) நொடிக்குச் சுமார் 16 ஜிபி, 8 லேன்களுக்குச் சுமார் 8 ஜிபி தரவு போகும். 3060 பயன்படுத்துவது 16 லேன். 4060-க்கு நீளமான ஸ்லாட்டில் பொருந்தும் உருவம் இருந்தாலும் உள்ளே 8 லேன்தான். இரு மடங்கு வேகமான பிசிஐஇ 4.0 போர்டில் இந்தக் குறை தெரியாது; இங்கே பாதை பாதியாகிவிடும். பெரும்பாலான கேம்களில் இழப்பு சில சதவீதம்தான். ஆனால் 8 ஜிபி நினைவகம் நிரம்பி, கார்டு ராமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும்போது திக்கித் திணறும். 12 ஜிபியும் முழு 16 லேனும் உள்ள 3060-க்கு அந்த நிலை அவ்வளவு சீக்கிரம் வராது. 3060 வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள்: அதே பெயரில் 8 ஜிபி மட்டுமே உள்ள, நினைவகப் பாதையும் குறுகலான (128-பிட்) கார்டும் உண்டு. பெட்டியில் 12 ஜிபி என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மேலே அச்சிட்ட 450 வாட்டை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இவனுடையதில் 30 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 360 வாட். பிராசசரின் கணக்கு 65 வாட், 4060-க்கு 115. சேர்த்து 180, சரியாகப் பாதி. 3060 என்றால் அதற்கே 170, மொத்தம் 235. பி580-க்கு 190, மொத்தம் 255. கார்டுகள் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு இந்த அளவையும் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். ஆறு வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ் அப்போது கணினியைச் சட்டென்று அணைத்துவிடலாம். என்விடியா 3060, 4060 இரண்டுக்குமே 550 வாட் பரிந்துரைக்கிறது. புது எஸ்எம்பிஎஸ் வாங்கப் பணம் இருந்தால் அந்தப் பரிந்துரைப்படியே போங்கள். இல்லையென்றால் 4060-ஐப் போட்டால்தான் எஸ்எம்பிஎஸ்ஸில் அதிக வாட் மிச்சம் இருக்கும்.

கார்டுக்கான 8-பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மாற்றித் தரும் அடாப்டரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சூடாகி உருகிவிடலாம்.

அவனுக்கு 4060-ஐத்தான் சொன்னேன். விளையாடுவது 1080பி திரையில். அங்கே அது 3060-ஐவிட வேகம், வீட்டுக் கரண்டும் மிச்சம். பிளெண்டர் (முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள்), ஏஐ படம் என்று நினைவகம் தின்னும் வேலை செய்கிறவனாக இருந்திருந்தால், புது எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து 3060 வாங்கச் சொல்லியிருப்பேன். ரைசன் 5 7600 போன்ற புதிய பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு, பிராசசர் பற்றி மேலே சொன்ன தடைகள் பெரும்பாலும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்குமென்றால் அவர்கள் பி580-ஐத் தாராளமாக எடுக்கலாம்.

அப்புறம் கேபினெட்டை அளந்தோம். முன்பக்க விசிறியிலிருந்து பின்பக்கத் தகடு வரை 27 சென்டிமீட்டர். மூன்று விசிறி 4060-களில் சில 30 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால் இரண்டு விசிறி கார்டாகப் பார்த்து வாங்கினோம்.